மூடியில் இருந்த பெயர்

சென்ற மாதம் ஒரு காலையில் முதல் ஷிப்ட் பஸ் வழக்கம்போல் பாகலூர் சாலையில் புளியமரத்து ஸ்டாப்பில் நின்றது. கதவு திறந்தது. ரத்னா ஏறவில்லை. அவளுடைய கணவர் நாராயணப்பா தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு கீழே நின்றிருந்தார். படியில் கால் வைக்காமல் உள்ளே எட்டிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்து, “வசந்தாம்மா, இனிமே இந்த ஸ்டாப்புல நிறுத்த வேணாம்னு டிரைவர்கிட்ட சொல்லிடுங்கோ. ரத்னா நேத்து சாயங்காலம் போயிட்டா” என்றார். நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். அவர் தெருமுனைக்குப் போய் ஆட்டோ பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

பஸ் முழுக்க அழுகை எழுந்தது. பிறகு பின் சீட்டிலிருந்து கமலா அழுதுகொண்டே, “போறதுலயும் நேரத்த வீணாக்கல பாரு” என்றாள். அழுகைக்கு நடுவில் எங்களில் பலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்னாவைத் தெரியாதவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். தெரிந்தவர்களுக்கு, அவளே இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று தெரியும். டிரைவர் மணி அண்ணன் பஸ்ஸை அப்படியே திருப்பி அவள் தெருவுக்குள் விட்டார். அன்றைக்கு முதல் ஷிப்ட் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது.

நம் சங்க இதழுக்காக அவளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவளோடு வேலை செய்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் புதிதாகச் சேர்ந்த பெண்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்னம்மா என்பது கம்பெனியில் அவள் பெயர். எங்களுக்கு ரத்னா, சின்னவர்களுக்கு ரத்னாக்கா. ஓசூர் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பஸ்ஸில் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். நாம் கோத்துக் கொடுக்கும் மீட்டர்களை ஒரு சூடான அறையில் அடுக்கிவைத்து, சூடு தாங்குகிறதா என்று சோதிப்பார்கள் அல்லவா, அந்த ஹீட் ரூமில்தான் அவளுக்கு வேலை. தட்டுகளை அடுக்குவதும் எடுப்பதும் அவள் பொறுப்பு. மார்கழியில் ஓசூரே நடுங்கிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். எங்களுக்கெல்லாம் வயிறு எரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்னாவுக்குச் சமைக்க வராது. அவள் வைத்த ரசத்தை ஒருமுறை குடித்தவர்கள் மறுமுறை மோர் போதும் என்று சொல்லிவிடுவார்கள். நாராயணப்பா நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டார், ஆனால் ஊறுகாய் பாட்டிலைத் தட்டுக்கு மிக அருகிலேயே வைத்துக்கொள்வார். சமையலில் ரத்னாவுக்கு இருந்த ஒரே அக்கறை, அதிலிருந்து எவ்வளவு சீக்கிரம் வெளியே வரலாம் என்பதுதான். அந்த ஒரு விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஓசூரில் ஆள் கிடையாது.

நான் கம்பெனியில் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். நாகரசம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். கணவருக்கு ஓசூரில் லேத் பட்டறையில் வேலை கிடைத்ததும் இங்கே குடிவந்தோம். மாமனார் சின்னசாமி ஊரில் மாந்தோப்பும் கொஞ்சம் நிலமும் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் வீட்டுப் பெண் கம்பெனி பஸ் ஏறுவது அவருக்குப் புதிது. “போறேன்னா போம்மா. தை பொறக்கற வரைக்கும் பாப்போம். ஊட்ல அடுப்பு எரியல, புள்ள ஓட்டல்ல திங்கறான்னு என் காதுக்கு வந்துதுன்னா நின்னுக்கணும்” என்று சொல்லிவிட்டார். கணவரும் அப்பா பேச்சைத் தாண்டுகிறவர் இல்லை.

எனக்கு அந்த வேலை வேண்டும். கம்பெனி கோட்டைப் போட்டுக்கொண்டு, என் மேஜை, என் விளக்கு, என் ஸ்க்ரூ டிரைவர் என்று உட்காரும்போது நான் வேறு ஆளாக இருந்தேன். அதை விட்டுவிட்டு மறுபடியும் நாள் முழுக்க நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. பஸ்ஸோ விடிவதற்கு முன்பே வந்து நிற்கும். ஒரு காலையில் பருப்பு வேகாமல், சாம்பாரைப் பாதியில் இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்து, ஏறி உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன்.

பக்கத்து சீட்டில் ரத்னா. அதற்கு முன் நாங்கள் பேசியதே இல்லை. “ஏம்பா அழுவறே? ஊர்ல யாராச்சும் போயிட்டாங்களா?” என்றாள். பருப்பு வேகவில்லை என்றேன்.

“பருப்புக்கா இந்த அழுகை? ஊற வெச்சியா?”

“இல்ல.”

“படுக்கப் போறதுக்கு முன்னாடி தண்ணில போட்டுட்டுப் படு. நீ தூங்கு, அது வேல செய்யட்டும். நம்ம தூங்கறப்ப எதெல்லாம் தானா வேல செய்யும்னு பாரு மொதல்ல. மீதிய அப்பறம் பேசலாம்.”

மீதியைப் பேசுவதற்கு அந்த பஸ்ஸில் அவளுக்குப் பல வருடங்கள் கிடைத்தன. அந்த பஸ்ஸில் வந்த ஒவ்வொருத்தியிடமும் ஒரு யோசனை இருந்தது. கமலா, புளியை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கரைத்து உப்பும் மஞ்சளும் போட்டுக் கெட்டியாகக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் ஊற்றிக்கொள்வாள். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டுவைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், கண்ணும் எரியாது என்று சேலத்துக்காரி ஒருத்தி சொன்னாள். பால் பாத்திரத்தின் விளிம்பில் லேசாக நெய் தடவிவிட்டால் பொங்கி வழியாது என்பது இன்னொருத்தி கொண்டுவந்தது. களிக்கு மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு உலையில் ஊற்றினால் கட்டி தட்டாது என்பதைத் தளி ஊர்க்காரி ஒருத்தி சொல்ல, எங்கள் எல்லோருடைய கையும் அன்றிலிருந்து பிழைத்தது. யார் எதைச் சொன்னாலும் ரத்னா அன்றைக்கே வீட்டில் செய்துபார்த்துவிட்டு மறுநாள் தீர்ப்பு சொல்வாள்.

எல்லாவற்றையும் அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரத்துக்கான காய் முழுவதையும் நறுக்கிவைத்துவிடலாம் என்று ஒருத்தி சொன்னபோது, “ஞாயித்துக்கிழமைய வித்துட்டு திங்கக்கிழமைய வாங்கறதுக்குப் பேரு மிச்சமா? போ பா” என்று தள்ளிவிட்டாள். கொண்டைக்கடலையை ஊறவைக்க மறந்துவிட்டால் ஃபிளாஸ்கில் போட்டுக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூடிவைப்பது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதே ஃபிளாஸ்கில் ஒருநாள் காபி கொண்டுவந்து எங்களுக்கெல்லாம் கொடுத்தாள். அந்தக் காபியைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று கமலா சொல்கிறாள்.

அவளுடைய யோசனைகள் எல்லோரிடமும் இருக்கக் கூடியவைதான். அவளிடம் மட்டும் இருந்தது ஒரு கேள்வி. பஸ் ஏறியதும் ஒவ்வொருத்தியிடமும் கேட்பாள்: “மிச்சம் புடிச்சியே, அந்த நேரத்த என்ன பண்ணே?”

முதல் தடவை என்னிடம் கேட்டபோது நான் பெருமையாக, “போர்வை எல்லாம் துவைச்சுப் போட்டேன்” என்றேன்.

“எந்திரி” என்றாள். நான் உட்கார்ந்திருந்தது ஜன்னல் ஓரம். “எந்திரி, எந்திரி. ஒரு வேலைல மிச்சம் புடிச்சு இன்னொரு வேலைல போட்டவளுக்கு ஜன்னல் சீட்டு கெடையாது. நேத்து கமலா என்ன பண்ணா கேளு.”

கமலா வெட்கத்தோடு, ஒன்றும் செய்யவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்டேன் என்றாள். ஜன்னல் ஓரம் கமலாவுக்குப் போனது. அதுதான் எங்கள் பஸ்ஸின் சட்டம். தனக்காகச் செலவு செய்தவளுக்கு ஜன்னல், மற்றவர்களுக்கு நடு சீட்டு. பூ கட்டினேன் என்று ஒருத்தி சொன்னால், யார் தலைக்கு என்று விசாரணை நடக்கும். தூங்கினேன் என்றால் உடனே ஜன்னல். ரத்னா, வேலை முடிந்ததும் தரையில் படுத்துக் காலைத் தூக்கிச் சுவரில் சாத்திக்கொண்டு கிடப்பாளாம். நாராயணப்பா வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே. அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், என்னவோ காசிக்குப் போய் வந்தவள் போல இருக்கும்.

பிதுக்குப் பருப்பை மறக்க முடியுமா? குளிர்காலத்தில் நம் பக்கம் பச்சை மொச்சை வந்து குவியும். ஊறவைத்து ஒவ்வொரு கொட்டையாகப் பிதுக்கித் தோல் எடுத்துக் குழம்பு வைத்தால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் பிதுக்குவதற்குள் அரை நாள் போய்விடும். ஒருநாள் ரத்னா ஊறவைத்த மொச்சையை ஒரு தூக்கு நிறைய பஸ்ஸுக்குக் கொண்டுவந்தாள். ஷிப்ட் முடிந்து திரும்பும்போது எல்லோர் மடியிலும் ஒரு பிடி. “பேக, பேக” என்று கன்னடத்தில் அவசரப்படுத்தி விரட்டினாள். வீடு வருவதற்குள் அவளுக்கு வேலை முடிந்துவிட்டது. மறுநாள் கமலா கொண்டுவந்தாள், அதற்கு மறுநாள் நான். பிதுக்கும்போது பருப்பு தோட்டா மாதிரி பாயும். ஒன்று போய் மணி அண்ணன் காதில் விழுந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, “இதுக்கு நான் பஸ் ஓட்டறதா, இல்ல கொழம்பு வெக்கறதா, சொல்லிடுங்க” என்றார். மறுநாள் அவர் வீட்டு மொச்சையும் பஸ்ஸில் ஏறியது.

இனி மாவு சமாசாரத்துக்கு வருகிறேன். அந்த மார்கழியில் குளிர் அதிகம். இட்லி மாவு பொங்கவே இல்லை. கம்பளியில் சுற்றினோம், அரிசி மூட்டைக்குள் புதைத்தோம், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். காலையில் மூடியைத் திறந்தால் அரைத்த மாவு அரைத்தபடியே கிடக்கும். மாவு புளிக்கவில்லை என்றால் இட்லி இல்லை, தோசை இல்லை, வேறு ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு நேரம் இல்லை. என் வீட்டில் உப்புமா உப்புமாவாகப் போய்க்கொண்டிருந்தது. தை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மார்கழிக் கடைசியில் ஒருநாள் வருகிறேன் என்று மாமனார் ஆள்மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். சும்மா பேரனைப் பார்க்க வருவதற்கு அவருக்குப் பேரனும் இல்லை. எதைப் பார்க்க வருகிறார் என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் இதை ரத்னாவிடம் சொன்னேன். “ஹீட் ரூம்ல அவ்வளவு சூடு சும்மாதான கெடக்குது” என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. முந்தின நாள் அரைத்துக் குளிரில் விறைத்துப்போன மாவைக் காலையில் மதியச் சாப்பாட்டுப் பையோடு உள்ளே கொண்டுபோவோம். ரத்னா அதை ஹீட் ரூமில், மீட்டர் தட்டுகளுக்கு எட்டாமல், ஒரு மூலையில் தரையோரம் வைத்து மேலே அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துவிடுவாள். ஷிப்ட் முடியும்போது எடுத்தால் பஞ்சு மாதிரி பொங்கியிருக்கும். முதலில் அவளும் நானும். பிறகு கமலா. பிறகு இன்னும் நாலைந்து பேர். ஒரே வாரத்தில் எங்கள் பஸ் முழுக்க இட்லி மணம்.

மாமனார் வரவேண்டிய அன்றைக்குத்தான் வடக்கேயிருந்து மீட்டர் வாங்குகிறவர்கள் வந்தார்கள். வருவது ரத்னாவுக்கு முன்னால் தெரியாது. அன்று பார்த்து மாவும் கொஞ்சம் கூடுதல், சூடும் கொஞ்சம் கூடுதல். மேனேஜர் அவர்களை ஹீட் ரூமுக்குள் அழைத்துப்போய் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது, மூலையில் அட்டைப் பெட்டி மெதுவாக எழும்பியதாம். அதன் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ நுரைத்து வழிந்து தரையில் நகர்ந்து வந்ததாம். வந்தவர்களில் ஒருவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். மேனேஜர் பெங்களூர்க்காரர், கத்தத் தெரியாதவர். “ஏனு இது, ரத்னம்மா?” என்று மட்டும் கேட்டார்.

“மாவு சார்” என்றாளாம்.

வந்தவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, மேனேஜர் பாத்திரங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்குப் பக்கத்தில் செக்யூரிட்டி மேஜைமேல் வரிசையாக வைக்கச் சொன்னார். யாருடையவை என்று கண்டுபிடிப்பது அவருக்குச் சுலபமாகத் தோன்றியிருக்க வேண்டும். நம் வீடுகளில் பெயர் வெட்டாத பாத்திரம் ஏது? ஒவ்வொரு மூடியிலும் பெயர் இருந்தது. அதை எழுதிக்கொண்டு, வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் மைக்கில் அறிவிப்பு வந்தது.

“நாகரசம்பட்டி சின்னசாமி, உடனே டைம் ஆபீசுக்கு வரவும். நாகரசம்பட்டி சின்னசாமி.”

என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. மாமனார் வந்துவிட்டார், கம்பெனிக்குள்ளேயே வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. கல்யாணத்துக்கு அவர் வாங்கிக்கொடுத்த தூக்கு அது. கமலாவுடையதில் அவள் பெரியப்பா பெயர். இன்னொருத்தியுடையதில் தேன்கனிக்கோட்டை தாய்மாமன் முனியப்பன் பெயர். பெண்கள் கொண்டுவந்த பாத்திரங்கள், ஆனால் கொடுத்தவர் பெயர்தானே மூடியில் இருக்கும்? லோடிங்கில் உண்மையாகவே ஒரு முனியப்பன் இருந்தார். பாவம், அவர் ஓடிவந்து, “எனக்கு இட்லின்னாலே புடிக்காது சார்” என்று சத்தியம் செய்தார். சின்னசாமியை மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்படி ஒரு தொழிலாளி கம்பெனியில் இல்லை என்று டைம் ஆபீஸ் கைவிரித்தது.

வரிசையில் ஒரே ஒரு மூடியில்தான் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. முதல் சம்பளத்தில் தானே போய் வாங்கி, தானே நின்று வெட்டிக்கொண்ட பெயர். ரத்னம்மா.

“இது உன்னோடது. சரி. மத்ததெல்லாம் யாரோடது?” என்று மேனேஜர் கேட்டார்.

“எல்லாம் என்னுதுதாங்க சார். எனக்கு சொந்தக்காரங்க ஜாஸ்தி.”

கேட்டில் நின்ற செக்யூரிட்டி அண்ணன் இதை இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். மேனேஜர் அவளைப் பார்த்தாராம், பாத்திரங்களைப் பார்த்தாராம், எங்கள் லைனின் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுகொண்டிருந்த எங்களைப் பார்த்தாராம். அவருக்குப் புரியாமல் இல்லை. ஒரு வாரம் சஸ்பெண்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்களுடையவைதான் என்று சொல்லிவிட நாங்கள் எல்லோரும் சேர்ந்து வெளியே வந்தோம். ரத்னா எங்களைத் திரும்பிப் பார்த்து, “எல்லாரும் ஆளுக்கொரு மெமோ வாங்கி என்ன பண்ணப் போறீங்க, சட்டம் போட்டு மாட்டிக்கவா? போங்க பா, லைன் நிக்குது” என்று விரட்டிவிட்டாள். மார்க்கெட்டுக்குப் போகும் கேன்டீன் வேனில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வந்த அந்த வழியை மறக்கவே முடியாது. வேலைக்கு அன்றோடு கும்பிடு என்று முடிவு செய்துகொண்டுதான் நடந்தேன். வீட்டில் மாவு இல்லை, காய் இல்லை, மாமனார் பெயர் போட்ட தூக்கும் இல்லை. தெருவுக்குள் திரும்பும்போதே தோசை வாசம் வந்தது. பக்கத்து வீட்டில் என்று நினைத்தேன். கதவு திறந்து கிடந்தது. என் அடுப்பு முன்னால் ரத்னா நின்றுகொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமனார் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் இருந்த தோசை கர்நாடகா மேப் மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான். பொங்கிய மாவை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்த ரத்னா, பூட்டிய என் வீட்டு வாசலில் ஒரு மொச்சை மூட்டையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். அவரோ அவள் கையிலிருந்த தூக்கைப் பார்த்திருக்கிறார். “ஏம்மா, என் பேரு போட்ட தூக்கு உன் கையில எப்படி?” என்று கேட்டிருக்கிறார். பூந்தொட்டிக்கு அடியில் சாவி இருப்பது அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்து அவரை உட்காரவைத்து, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே முதலிலிருந்து கடைசிவரை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

நான் உள்ளே நுழைந்தபோது மாமனார் அவளிடம் ஒரு விஷயத்தை மறுபடியும் உறுதி செய்துகொண்டிருந்தார்.

“மைக்குலயா சொன்னாங்க?”

“மைக்குலதான் பெரியப்பா. திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. கம்பெனி பூரா கேட்டுது.”

“ஊரு பேரோடயா?”

“ஊரு பேரோட. மேனேஜரே தேடுனாரு உங்கள.”

மாமனார் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்ததும், “வந்துட்டியாம்மா? இந்தப் பொண்ணுக்கு தோசை சுட வரல. நீ சுடு. மாவு என்னவோ நல்லாப் பொங்கியிருக்குது” என்றார்.

நான் ஊற்றினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே ரத்னாவிடம், “உனக்கு ஒரு வாரம் வேல போச்சே, ஊட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?” என்று கேட்டார். “சொல்லுவாரு பெரியப்பா. ஒரு வாரம் ஊட்லயே இருந்தா தெனம் மூணு வேளையும் நான் சமைக்கணுமேன்னு பயப்படுவாரு” என்றாள். அவர் சிரித்ததில் புரையேறி நான் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. மாமனார் வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் விடிவதற்கு முன் நான் கிளம்பும்போது அவரும் எழுந்து டார்ச் எடுத்துக்கொண்டு ஸ்டாப் வரைக்கும் வந்தார். பஸ் வந்ததும் அதை ஒரு சுற்று பார்த்தார். “ஜன்னல் ஓரமா உக்காரும்மா, காத்து வரும்” என்றார். அவ்வளவுதான். தை பிறந்தது. வேலையைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பெனி மைக்கில் தன் பெயரைச் சொன்னார்கள் என்று நாகரசம்பட்டியில் அவர் சொல்லாத வீடு இல்லை. எதற்காகச் சொன்னார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சஸ்பென்ஷன் முடிந்து ரத்னா வந்த அன்று பஸ்ஸே எழுந்து நின்றது. எப்போதும் அவள் கேட்கும் கேள்வியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளிடம் கேட்டோம். “ஜவளகிரில எங்கக்கா ஊடு இருக்குது பா. காட்டு ஓரம். அங்க போயி வாரம் பூரா தூங்குனேன். எந்திரிச்சா சாப்பாடு, சாப்ட்டா தூக்கம். ஒருநாள் தூரத்துல யானை போச்சு, அதக்கூடப் படுத்துக்கிட்டேதான் பாத்தேன்” என்றாள். அவளுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தது மட்டுமல்ல, அன்றைக்குப் பக்கத்து சீட்டையும் காலி செய்து கொடுத்தோம்.

அடுத்த சம்பளத்தன்று எங்களையெல்லாம் கடைத்தெருவுக்கு அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். ஆளுக்கொரு தூக்கு வாங்கினோம். பெயர் வெட்டுகிறவர் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, “யாரு குடுத்ததுன்னு போடட்டுமாம்மா?” என்று வழக்கம்போலக் கேட்டார். “அவளே அவளுக்குக் குடுத்தது. பேர மட்டும் வெட்டுங்க” என்றாள் ரத்னா. என் பெயர் ஒவ்வொரு எழுத்தாக மூடியில் விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்களே, ஹீட் ரூம் கதவில் “உணவுப் பொருட்கள் வைக்கக் கூடாது” என்று ஏன் போர்டு மாட்டியிருக்கிறது என்று கேட்பீர்களே, காரணம் இதுதான். மரியாதையோடு படியுங்கள்.

பிறகு எங்கள் வீடுகளுக்கு கேஸ் வந்தது, மிக்ஸி வந்தது, சிலருக்கு ஃபிரிட்ஜும் வந்தது. மிச்சமான நேரத்தில் எல்லாம் வேறு வேறு வேலைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. ரத்னாவின் கேள்வி மட்டும் மாறவே இல்லை. கடைசியாக அவளோடு வந்த நாளிலும் கேட்டாள். வாசல்படியில் உட்கார்ந்து மழை பார்த்தேன் என்றேன். எழுந்து இடம் விட்டாள்.

நாராயணப்பா வந்து சொன்ன அந்தக் காலையில் அவள் வீட்டுக்குப் போனோம் என்று சொன்னேன் அல்லவா? துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், வருகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டில் சமைக்கலாம் என்று பாத்திரம் எடுக்க அவள் சமையலறைக்குள் போனேன். மேடையில் அவள் பெயர் போட்ட அந்தத் தூக்கு மூடியபடி இருந்தது. திறந்தேன். கொண்டைக்கடலை. முந்தின நாள் மாலை, வலி வருவதற்குமுன் ஊறப் போட்டிருக்கிறாள். நன்றாக ஊறிப் பெருத்து நிறைந்திருந்தது. நீ தூங்கு, அது வேலை செய்யட்டும் என்று முதல் நாள் என்னிடம் சொன்னாளே, அது நினைவுக்கு வந்து அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். கமலா வந்து தூக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் வேகவைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். உப்பு கமலா போட்டதால் நன்றாக இருந்தது. அதையும் சொல்லிச் சிரித்தோம். நாராயணப்பாவும் சிரித்தார்.

புளியமரத்து ஸ்டாப்பில் இப்போதும் மணி அண்ணன் வண்டியை நிறுத்துகிறார். யாரும் ஏறுவதில்லை, யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை. கதவைத் திறந்து மூடிவிட்டுக் கிளம்புகிறார்.

ரத்னாவிடமிருந்து என்னிடம் இருப்பவை அதிகம் இல்லை. படுக்கும்முன் எதையாவது தண்ணீரில் போட்டுவைக்கும் பழக்கம். என் பெயர் போட்ட ஒரு தூக்கு. அப்புறம் அந்தக் கேள்வி. இதை எழுதுவதற்காக இந்த ஒரு வாரமும் சமையலைச் சீக்கிரம் முடித்தேன். துணி மடிக்காமல் குவிந்து கிடக்கிறது, கிடக்கட்டும். நான் எழுதினேன், அழுதேன், பாதி நேரம் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் எனக்காகத்தான். நாளைக் காலை பஸ் ஏறியதும் கமலா கேட்பாள். ஜன்னல் ஓரம் எனக்கு வேண்டும்.